அடுத்த அஞ்சு வருஷத்தில் என்ன ஆகப்போகிறீர்கள் என்று கேட்டால்

வேலைக்கான நேர்காணலுக்குக் கிளம்பும் நம்ம குமரி மாவட்டத்துப் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. சொல்வதற்கு உருப்படியாக இருப்பதை எல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டு, யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்த நாலு வரியோடு உள்ளே போய் உட்காருகிறார்கள். இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் வீட்டில் என்னென்ன பொறுப்புகளைச் சுமக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், எதிரே உட்கார்ந்து கேட்பவர்களுக்குத் தெரியாது.

நான் திருவனந்தபுரம் பக்கத்தில் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், ஆள் எடுக்கும் குழுவிலும் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் வேலை தேடுகிற தம்பி தங்கைகளை உட்கார வைத்து மாதிரி நேர்காணல் நடத்துகிறோம். அங்கே திரும்பத் திரும்ப நான் சொல்கிற விஷயங்களை இங்கே எழுதி வைக்கிறேன், வர முடியாதவர்களுக்கு உதவும்.

யாருக்கு இது தேவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசில் குரூப் சி பணிகளுக்கும், கெஜட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே கிடையாது. அந்தப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. தேர்வு மட்டும் எழுதுகிறவர்கள் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம், அந்த நேரத்தில் கணக்குப் போட்டுப் பழகுங்கள். பேங்க் பி.ஓ., அதாவது வங்கி அதிகாரி தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தேவை, பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். தேர்வில் மெயின்ஸ் மதிப்பெண்ணுக்கு 80, நேர்காணலுக்கு 20 என்றுதான் கடைசிப் பட்டியல் போடுகிறார்கள். தனியார் வேலை, மருத்துவமனை, வளைகுடா என்று போகிறவர்களுக்கு நேர்காணல்தான் எல்லாம்.

சரி, கேள்விகளுக்கு வருவோம். எங்கே போனாலும் ஏன் ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள் என்று பிள்ளைகள் சலித்துக்கொள்வதுண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 85 வருட ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மார்க் போடும் நேர்காணல், வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலைவிட ஒருவர் பின்னாளில் எப்படி வேலை செய்வார் என்பதை நன்றாகக் காட்டுகிறது என்று அதில் கணக்கோடு காட்டினார்கள். 2022-இல் சாக்கெட் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் மறுபடி கணக்குப் போட்டபோது எண்கள் கொஞ்சம் இறங்கின, ஆனாலும் தேர்வு முறைகளில் அந்த வகை நேர்காணல்தான் முதலிடத்தில் வந்தது. அதனால் ஒரே கேள்வி வருவது உங்களுக்கு நல்லதுதான். என்ன வரும் என்று முன்பே தெரிகிறதே.

ஆனால் கேள்வி தெரிந்திருந்தால் பதிலையும் எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதில்தான் வம்பு வருகிறது. அருமனை பக்கத்திலிருந்து ஒரு தங்கை வந்திருந்தாள், பி.எஸ்சி. கணிதம், டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். உன்னைப் பற்றிச் சொல்லு என்றதும், ஹார்ட் வொர்க்கர், டீம் பிளேயர், ஹாபி பாட்டுக் கேட்பது என்று கடகடவென்று ஒப்பித்தாள். அதில் ஒரு வரியைக்கூட நான் எழுதிக்கொள்ளவில்லை, எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர், அப்பாவே பால்வெட்டு, ஷீட் அடித்து உலர்த்திக் கடையில் போடுவார் என்றாள். கணக்கு யார் பார்க்கிறது என்றேன். நான்தான் என்றாள், அதைச் சொல்லும்போது குரலே மாறிவிட்டது.

அப்புறம் போனை எடுத்துக் காட்டினாள். தேதி, எத்தனை ஷீட், எத்தனை கிலோ, கடைக்காரர் போட்ட விலை, அன்றைக்கு ரப்பர் போர்டு வெளியிட்ட கோட்டயம் விலை, இவ்வளவும் கூகுள் ஷீட்டில் ஒவ்வொரு வரியாக இருந்தது. மழைக் காலத்தில் மட்டும் கோட்டயம் விலைக்கும் கடை விலைக்கும் இடைவெளி கூடுவதை அவள் கவனித்திருக்கிறாள். நமக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, இரண்டிலும் அப்படியே. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று அப்பாவுக்குச் சந்தேகம். இவள் விற்கப் போகும்போது கூடவே போய்ப் பார்த்திருக்கிறாள். ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் சரியாகக் காயவில்லை என்று அர்த்தம், ஆர்.எஸ்.எஸ். 4 என்ற புகையூட்டிய ரப்பர் ஷீட் தரத்துக்குக் கீழே தள்ளி விலையைக் குறைக்கிறார்கள். அவசரப்பட்டு விற்காமல் மழை நாட்களில் புகை போடும் அறையில் இன்னும் இரண்டு நாள் கூடுதலாகக் கிடக்கட்டும் என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். அடுத்த மழைக்கு இடைவெளி குறைந்திருக்கிறது. அதுவும் அந்தக் கூகுள் ஷீட்டிலேயே இருந்தது.

“அக்கா, இதையெல்லாம் போய் அங்கே சொல்ல முடியுமா?” என்று கேட்டாள்.

“பின்னே? இதத்தான் பிள்ளே சொல்லணும்.”

டேட்டா அனலிஸ்ட் செய்கிற வேலை இதுதானே. விவரம் சேகரிப்பது, எதில் வித்தியாசம் என்று பார்ப்பது, காரணத்தை நேரில் போய்க் கண்டுபிடிப்பது, முடிவெடுப்பவரைச் சம்மதிக்க வைப்பது, பலன் வந்ததா என்று மறுபடி அளப்பது. மனிதவளத் துறைக்காரர்கள் சூழல், பொறுப்பு, செய்தது, விளைவு என்று நாலாகப் பிரித்துச் சொல்லச் சொல்வார்கள், அதற்கு ஸ்டார் முறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளையிடம் நாலும் தயாராக இருந்தது. ‘என் பெயர் இன்னது, கணிதம் படித்தேன், எங்கள் வீட்டு ரப்பர் விற்பனைக் கணக்கை நான் கூகுள் ஷீட்டில் பார்க்கிறேன், அதில் மழைக் காலத்து விலைக் குறைவுக்குக் காரணம் கண்டுபிடித்து உலர்த்தும் முறையை மாற்றினோம், அந்த மாதிரி வேலையைப் பெரிய அளவில் செய்யத்தான் இந்தப் பணிக்கு விண்ணப்பித்தேன்.’ அவ்வளவுதான், ஒன்றரை நிமிஷம் போதும். எளிய ஆங்கிலத்தில் அவளே எழுதிச் சொல்லிப் பார்த்தாள். திருவனந்தபுரத்தில் நேர்காணல் நடந்தபோது கேட்டவர்கள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் கணக்கைப் பற்றியே கேட்டார்களாம், எந்த ஃபார்முலா போட்டாய், விடுபட்ட நாட்களுக்கு என்ன செய்தாய் என்று. எல்லாம் அவள் கையால் செய்தது என்பதால் தடுமாற வேண்டிய அவசியமே வரவில்லை, இரண்டாவது சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் ரப்பர் இல்லாமல் இருக்கலாம். தோவாளையில் பூக் கட்டி விற்கிற வீடாக இருக்கலாம், அம்மா அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகிறவராக இருக்கலாம், மகளிர் குழுவின் வரவு செலவு நோட்டை நீங்கள்தான் எழுதிக்கொடுக்கிறீர்கள் என்றிருக்கலாம், கோயில் கொடைக்கோ சர்ச் திருவிழாவுக்கோ வசூல் கணக்குப் பார்த்திருக்கலாம். கல்லூரி புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கி அதைப் பற்றி அரைகுறையாகச் சொல்வதைவிட இதில் எதைச் சொன்னாலும் நல்லது.

இப்போது தலைப்புக் கேள்வி. அடுத்த அஞ்சு வருஷத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்? பெரும்பாலும் வருகிற பதில் மேனேஜர் ஆவேன் என்பது, அல்லது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் இருப்பேன் என்பது. இரண்டாவது பதிலை யார் முதலில் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். கேட்பவருக்கு உங்கள் பதவி ஆசையில் அக்கறை இல்லை. அவர் மனசில் இரண்டு சந்தேகங்கள் ஓடுகின்றன. பயிற்சி எல்லாம் கொடுத்த பிறகு ஆறு மாதத்தில் போய்விடுவாரா, இந்த வேலை என்னவென்று தெரிந்துதான் வந்திருக்கிறாரா. நம்ம மாவட்டத்துக்காரர் என்றால் முதல் சந்தேகம் இன்னும் கூடுதல். விசா வரும் வரைக்கும் இங்கே ஒரு வேலை என்று வருகிறவர்களைத் திருவனந்தபுரத்து நிறுவனங்கள் நிறையவே பார்த்திருக்கின்றன.

அதனால் பதவியைச் சொல்லாமல் வேலையைச் சொல்லுங்கள். டெஸ்டிங் வேலைக்குப் போகிறவர், முதல் வருஷம் கையால் டெஸ்ட் செய்து உங்கள் புரொடக்ட் எங்கெங்கே உடையும் என்று கற்றுக்கொள்வேன், அப்புறம் அதில் திரும்பத் திரும்ப வருவதை ஆட்டோமேஷனுக்கு மாற்றுவேன், மூணு வருஷத்துக்குள் ஒரு மாட்யூலை முழுப் பொறுப்பாகப் பார்க்கும் அளவுக்கு வரவேண்டும் என்று சொல்லலாம். கணக்குப் பிரிவுக்குப் போகிறவர், ஜி.எஸ்.டி. கணக்கில் விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், வரி கட்டும் 3பி 20-ஆம் தேதிக்குள் என்று மாதம் தவறாமல் யாருடைய உதவியும் இல்லாமல் தாக்கல் செய்கிற நிலைக்கு முதல் வருஷத்தில் வருவேன், அதன் பிறகு ஆடிட்டருக்கு வேண்டியதைத் தயார் செய்யக் கற்றுக்கொள்வேன் என்று சொல்லலாம். இப்படிச் சொன்னால் அந்த இரண்டு சந்தேகமும் ஒரே மூச்சில் தீர்ந்துவிடுகிறது. ஒரு வேலையின் முதல் வருஷம், மூன்றாம் வருஷம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள், அதே வேலையில் ஏற்கெனவே இருக்கிற ஒரு அக்காவையோ அண்ணனையோ பிடித்து அரை மணி நேரம் கேளுங்கள். நம்ம ஊரில் அப்படி ஒருவர் கிடைக்காத வேலையே இல்லை, யாரோ ஒரு மாமாவுக்கு யாரையாவது தெரிந்திருக்கும்.

நர்ஸிங் படித்த தங்கைகள் இங்கே ஒன்று கேட்பார்கள். இரண்டு வருஷம் அனுபவம் சேர்த்துக்கொண்டு வளைகுடாவுக்குப் போவதுதான் என் திட்டம், அதை மறைத்துப் பொய் சொல்லவா என்று. பொய் வேண்டாம். வெளிநாட்டுக்குப் போக அனுபவம் கேட்பார்கள் என்பது நாகர்கோவிலில் இருக்கிற ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தெரியும். இங்கே எவ்வளவு காலம் இருப்பேன், அதற்குள் என்ன செய்வேன் என்பதை உறுதியாகச் சொல்லுங்கள். ‘இரண்டு வருஷம் கட்டாயம் இருப்பேன், அதில் ஐ.சி.யூ. பழக வேண்டும், வென்டிலேட்டரில் இருக்கிற நோயாளியைத் தனியாகப் பார்க்கும் தைரியம் வரவேண்டும், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போவேன்.’ காலம் தெரிந்த ஆளை வைத்து டியூட்டி போட முடியும், அதனால் இந்தப் பதிலை மதிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் இடைவெளி இருப்பவர்கள் ரொம்பப் பயப்படுகிறார்கள். கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு தம்பியைச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது அவன் கல்லூரிக் கடைசி வருஷம். அந்தப் புயல் நம்ம கரையோர ஊர்களில் எத்தனை வீடுகளின் விளக்கை அணைத்துவிட்டுப் போனது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். அப்பா இல்லாமல் போன பிறகு அவன் படிப்பை முடித்துவிட்டுச் சித்தப்பாவோடு விசைப்படகு வேலைக்கு இறங்கினான், டீசல், ஐஸ், அரிசி, தண்ணீர் என்று நாள்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிக்கும் ஒரு தங்கலுக்கு என்னென்ன ஏற்ற வேண்டும் என்ற கணக்கும், கரைக்கு வந்ததும் ஏலத்தில் போன மீனுக்குப் பங்கு பிரிக்கும் கணக்கும் அவன் பொறுப்பு. பயோடேட்டாவில் இது ஒன்றுமே இல்லை. அந்த வருஷங்கள் வெறும் வெள்ளையாக இருந்தன, கேட்டால் குடும்பப் பிரச்சினை என்று சொல்லித் தலையைக் குனிந்துகொள்வான். தலை குனிய இதில் என்ன இருக்கிறது! அப்பாவைப் புயலில் இழந்தேன், குடும்பத் தொழிலை நடத்தினேன், தம்பி படித்து முடித்ததும் நான் என் படிப்புக்கான வேலைக்குத் திரும்புகிறேன் என்று மூணே வாக்கியம். பிறகு படகுக் கணக்கைப் பற்றி இரண்டு வாக்கியம். அவன் போனது பேங்க் நேர்காணலுக்கு. கிசான் கிரெடிட் கார்டை மீனவர்களுக்கும் நீட்டித்து 2018-19 பட்ஜெட்டில் அறிவித்தார்களே, ஒரு படகு கடலுக்குப் போய்வர முன்பணம் எவ்வளவு தேவை, அது எந்தெந்த மாதத்தில் திரும்பி வரும் என்று அவனைப் போலச் சொல்ல அந்த வரிசையில் வேறு யாரால் முடியும்?

பேங்க் நேர்காணல் என்றதும் இன்னொன்று. உங்கள் மாவட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம், 91.75 சதவீதம் என்பதெல்லாம் நிறையப் பேர் சொல்வார்கள். அதோடு முப்பந்தல் காற்றாலை, மணவாளக்குறிச்சி கனிம மணல் ஆலை, தோவாளைப் பூச்சந்தை, மார்த்தாண்டம் தேன், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மட்டிப் பழம் என்று போய், இதில் யாருக்கு எப்படிப்பட்ட கடன் தேவைப்படும் என்று முடித்தால் அது வேலையைப் பற்றிய பதிலாகிவிடும்.

பலவீனம் என்ன என்ற கேள்விக்கு, நான் எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்கிறவன், அதுதான் என் பலவீனம் என்று சொல்லாதீர்கள். நிஜமாக உள்ள, வேலையைக் கெடுக்காத ஒன்றையும், அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதையும் சொன்னால் போதும். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்றால் பழைய மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், அங்கே எது வரைக்கும் கற்றுக்கொண்டேன், இங்கே எதைக் கற்க வருகிறேன் என்று முன்னே பார்த்துப் பேசுங்கள்.

கல்யாணம் எப்போது, குழந்தை இருக்கிறதா, யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பெண் பிள்ளைகளிடம் இன்னும் கேட்கிறார்கள். எங்கள் குழுவில் யார் இதைக் கேட்டாலும் நான் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன், ஆண்களிடம் கேட்காத கேள்வியைப் பெண்களிடம் கேட்பது தவறு. ஆனால் வேலை தேவைப்படுகிற இடத்தில் எதிர்த்துப் பேச எல்லாராலும் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ‘வேலை நேரத்தையும் ஷிப்ட்டையும் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், நீங்கள் சொன்ன நேரம் எனக்குச் சரிப்படும்’ என்று அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு விவரம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

சென்னைக்குப் போகிறவர்களிடம், நீங்க மலையாளியா, பேச்சு அப்படி இருக்கே என்பார்கள். கூச்சப்பட்டுப் பேச்சை மாற்ற முயற்சி செய்து திணறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் தமிழ் இப்படித்தான், மலையாளமும் நன்றாகத் தெரியும், கேரள வாடிக்கையாளர்களிடம் நான் நேராகப் பேச முடியும் என்று சொல்லுங்கள். இரண்டு மொழி தெரிந்த ஆளுக்கு எந்த நிறுவனத்திலும் வேலை இருக்கிறது.

எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்பதில்தான் நம்ம பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். வருஷத்துக்கு நாலு லட்சம் சி.டி.சி., அதாவது நிறுவனம் உங்களுக்காகச் செலவழிக்கும் மொத்தத் தொகை, என்றதும் பன்னிரண்டால் வகுத்து மாதம் 33,000 என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அப்படி வராது. பேசிக் எனும் அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது இரண்டு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 24,000. கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், 9,620. இந்த இரண்டும் நாலு லட்சத்துக்குள்ளேயே அடக்கம். அப்புறம் உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 24,000. முழுப் பேசிக்குக்கும் பிடித்தம் செய்தால் கைக்கு வருவது மாதம் சுமார் 28,500, தொழில் வரியும் இன்சூரன்ஸும் போக இன்னும் குறையும். போனஸ், இன்சென்டிவ் எதையாவது சி.டி.சி.க்குள் சேர்த்திருந்தால் இன்னும் குறையும். ஆகவே தொகையைச் சொல்லும் முன், இதில் நிலையான பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, கேட்டதற்காக நாங்கள் யாரையும் நிராகரித்தது கிடையாது. எவ்வளவு வேண்டும் என்பதற்கு, வாடகையையும் ஊருக்கு வந்து போகும் செலவையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதையும் முதல் நாளே தாளில் எழுதிப் பாருங்கள். குறைந்தது இவ்வளவு என்று உங்களுக்கு ஒரு எண் கிடைக்கும், அதற்குக் கீழே பேச்சு போனால் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வரலாம்.

கடைசியில், எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்பார்கள். இல்லை சார் என்று சொல்லிவிட்டு வராதீர்கள். முதல் ஆறு மாதத்தில் நான் எதைச் செய்து முடித்தால் சரியான ஆளை எடுத்தோம் என்று நினைப்பீர்கள் என்று கேளுங்கள். இதற்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றும் கேளுங்கள். இதே நிறுவனத்தில் மேலே போயிருக்கிறார் என்றால் ஒரு மாதிரி, ஒரு வருஷத்தில் மூணு பேர் மாறிவிட்டார்கள் என்றால் வேறு மாதிரி, அங்கே சேரலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்தப் பதில் உங்களுக்கு உதவும்.

ஞாயிறு வர முடிகிறவர்கள் பயோடேட்டாவோடு, வீட்டில் நீங்கள் பார்க்கிற கணக்கு நோட்டு ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.